சுவர் கொடுத்த பால்

சுவரில் ஓட்டை போட்டவன் கெம்போங். ஒட்டுப்பலகையில் சுவரைச் செய்து, சுண்ணாம்பு அடித்து, மழையில் நனைந்த பழைய வீட்டுச் சுவர்போல ஆங்காங்கே பாசி நிறமும் கொடுத்திருந்தான். ஓட்டை ஒரு சிறிய தட்டின் அளவு இருந்தது. பின்னால் ஒரு நாற்காலி. அதில்தான் ருமினி மார்பை ஓட்டையில் பொருத்திக்கொண்டு உட்கார வேண்டும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் ஆள் தெரியாது, சுவரே பால் கொடுப்பதுபோலத் தெரியும்.

"பயப்படாதீங்கக்கா, சுவர் விழாது. விழுந்தாலும் என் பக்கம்தான் விழும். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல, ஏன்னு கேக்க ஆளில்ல" என்றான் கெம்போங். அந்தப் படத்துக்குக் கேமரா பிடிப்பவனும் அவன்தான், ஆணி அடிப்பவனும் அவன்தான்.

படம் இயக்குநர் பிரமெஸ்தியுடையது. அதில் கதை என்று ஒன்று கிடையாது. ஒரு வீடு. அதன் சுவர் பால் சுரக்கிறது. வீட்டுக்காரர் தம்ளருடன் வந்து பிடித்துக்கொண்டு போகிறார். அடுத்து சீருடை போட்ட ஆட்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளிகளோடு வரிசையில் நிற்கிறார்கள். நாற்காலிகள் கிண்ணத்துக்குள் காலை வைத்துக்கொண்டு குடிக்கின்றன. குடிக்கக் குடிக்க உயரமாகிக் கூரையை முட்டுகின்றன. எல்லோரும் போன பிறகு ஒரு குழந்தை தவழ்ந்து வருகிறது. அதற்கு மிச்சம் இருக்கிறதா என்பதுதான் படம்.

"இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று முதல் நாளே ருமினி கேட்டாள்.

"கனவுக்கு அர்த்தம் கேப்பீங்களா? அது மாதிரிதான்" என்றாள் பிரமெஸ்தி. பிறகு அந்தப் பதில் போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். "கொடுக்கிறவங்ககிட்டயே எல்லாரும் எடுத்துக்கிட்டே இருக்காங்கல்ல. அதப் பத்தி" என்றாள்.

இரண்டாவது பதில் ருமினிக்குப் புரிந்தது. இருந்தாலும் தலையை மட்டும் ஆட்டினாள். படித்தவர்கள் சொன்னதைப் புரிந்தது என்று சொன்னால் அடுத்த கேள்வி வருமோ என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு.

அவளை பிரமெஸ்தியிடம் சேர்த்துவிட்டது ஊர் மருத்துவச்சி. ருமினியின் மகன் மூன்று மாதத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். ஏழாம் நாள் ஓதல் முடிந்து, வந்தவர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுத்து அனுப்பிய பிறகும் பால் மட்டும் நிற்கவில்லை. அடுத்த வீட்டில் ஒரு பூனை கத்தினால்கூடச் சட்டை நனைந்தது. பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. மருத்துவச்சி முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கட்டச் சொன்னாள். மறுநாள் பிரமெஸ்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

பிரமெஸ்தி, வெள்ளிப் பட்டறைகள் நிறைந்த கோத்தகெடே பக்கம் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். சன்னமான குரல், கண்ணாடி, எப்போதும் கலைந்த முடி. பாயில் ருமினிக்கு எதிரே உட்கார்ந்து, மகன் பெயரைக் கேட்டாள். மற்றவர்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்டால் அழுவாள் என்று தவிர்த்தார்கள்.

"அரிசி மாவு கரைச்சு ஊத்தலாம்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா கேமராவுல அது பொய்யா தெரியும். பால் வழியிற விதமே வேற. உங்களுக்குச் சம்மதம் இல்லன்னா வேணாம். நான் கட்டாயப்படுத்த மாட்டேன்" என்றாள் பிரமெஸ்தி. எழுந்து வாசல் வரை போன பிறகுதான், "கடைசியில ஒரு குழந்தை வரும்" என்றாள்.

ருமினி சம்மதித்தது அந்தக் கடைசி வார்த்தைக்காக. கூலி எவ்வளவு என்று கேட்டது அவள் புருஷன் பர்னோ. அதுவும் கேட்காவிட்டால் நன்றாக இருக்காதே என்பதற்காகத்தான்.

முதல் இரண்டு நாளும் தம்ளரும் பூவாளியும்தான். பிரமெஸ்தி அவளை ராணிபோல வைத்துக்கொண்டாள். பால் ஊறத் தவசிக்கீரை ரசம், பொரித்த தெம்பே என்ற சோயாக் கட்டி, ஒரு கிழவியிடமிருந்து தினமும் வாங்கிய மூலிகைக் கஷாயம். முதுகு வலித்தால் தலையணை. இடைவேளையில் தானே உட்கார்ந்து ருமினியின் தலையைச் சீவிவிட்டாள். அப்படிச் சீவிவிட்டுக்கொண்டே, "இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் பீச்சி எடுக்காதீங்க. தானா வழியணும். அது வேணும் எனக்கு" என்றாள்.

"வலிக்குதுங்க."

"தெரியுது. கொஞ்சம்தான்."

சீப்பு நிற்கவில்லை. ருமினிக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. தலையை இவ்வளவு மெதுவாகச் சீவுகிற கையை எப்படித் தட்டிவிடுவது?

மூன்றாம் நாள் யாத்மி வந்தாள், இடுப்பில் வெனிங்கோடு.

வெனிங்குக்கு எட்டு மாதம். யாத்மிக்கு இருபத்து மூன்று வயது. தைவானில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்து, ஏஜென்சிக்காரர்களின் பயிற்சி விடுதியிலிருந்து ஒரு வார விடுப்பில் வந்திருந்தாள். அந்த வாரம் முடிந்ததும் விமானம். மூன்று வருட ஒப்பந்தம். புருஷன் சுமத்ராவில் எங்கேயோ தோட்ட வேலைக்குப் போனவன், போனவன்தான். குழந்தைக்குப் பாலை மறக்கடித்தாகிவிட்டது என்றும், இப்போது புட்டிதான் என்றும் யாத்மி வந்தவுடனே பெருமையாகச் சொன்னாள்.

"மார்ல சீந்தில் சாறு பூசினேன், அவ்வளவு கசப்பு. மூணு நாள் வீட்டக் கூரையோட தூக்கிட்டா. நானும் கதவுக்கு வெளிய உக்காந்து அழுதேன். நாலாம் நாள் புட்டிய வாங்கிட்டா. கில்லாடி, அப்பன மாதிரி. எது கிடைக்குதோ அத வாங்கிக்குவா."

"அப்போ சுவர்கிட்ட சும்மா வாய வச்சா போதும், நடிச்சிடுவா" என்றான் கெம்போங்.

"அதான் எனக்கும் சொன்னாங்க. சும்மா வாய வைக்கிற மாதிரின்னு."

வெனிங்கை ஓட்டையருகே தூக்கிப் பிடித்தார்கள். சுவருக்குப் பின்னால் ருமினிக்கு ஒன்றும் தெரியவில்லை. தட்டு அளவு வெளிச்சம் மறைந்தது. ஒரு மூச்சு பட்டது. மூக்கு உரசியது. பிறகு வாய் பிடித்துக்கொண்டது, எந்தத் தயக்கமும் இல்லாமல், ஏதோ பாதியில் விட்ட வேலையைத் தொடர்வதுபோல. ருமினியின் கால்விரல்கள் மடங்கின. மகன் போன பிறகு முதல் தடவையாக வலி கீழ்நோக்கி இறங்கி வெளியே போனது. அவள் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வெள்ளிப் பட்டறைகளிலிருந்து வரும் தட்டலும், அந்தப் பக்கம் குழந்தை விழுங்கும் சத்தமும் மட்டும் கேட்டன.

கட் என்று யாரும் சொல்லவில்லை. குழந்தை குடித்து முடித்துத் தானாக வாயை எடுத்தபோதுதான் பிரமெஸ்தி மூச்சு விட்டாள்.

"என்னங்க இது, நிஜமாவே குடிக்கிறா! நடிச்சா போதும்னீங்களே?" என்றாள் யாத்மி.

"குழந்தைக்கு நடிக்கத் தெரியுமா யாத்மி?" என்றாள் பிரமெஸ்தி. அவள் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. அவள் எதையும் நடிக்கத் தெரியாதவள், அதுதான் அவளிடம் கஷ்டம்.

அன்று மாலையும் ஒரு தடவை, மறுநாள் இரண்டு தடவை என்று குடிப்பது தொடர்ந்தது. கேமரா இருந்தபோதும், இல்லாதபோதும். யாத்மி பாஸ்போர்ட் வேலை, மருத்துவச் சோதனை என்று அலைந்தாள். குழந்தையை ருமினியின் மடியில் போட்டுவிட்டுப் போவது அவளுக்கும் வசதியாகத்தான் இருந்தது. ஒரு நாள் காட்சியில் அழுகைச் சத்தம் மட்டும் கேட்க வேண்டும் என்று பிரமெஸ்தி குழந்தையைப் பக்கத்து அறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். பசி வந்து வெனிங் அழுதாள். இந்தப் பக்கம் சுவரில் பால் தானாகச் சொட்டியது. சொட்டுச் சொட்டாக விழுவதை கெம்போங் குனிந்து படம் பிடித்தான்.

"போதும்ங்க, புள்ளைக்குத் தொண்ட கட்டிடும்" என்றாள் ருமினி சுவருக்குள்ளிருந்து.

"இன்னும் ஒரு நிமிஷம்" என்றாள் பிரமெஸ்தி.

ருமினி எழுந்து போயிருக்கலாம். நாற்காலியில் யாரும் அவளைக் கட்டிப் போடவில்லை. பிறகு பலமுறை அவள் அதை நினைத்துப் பார்த்தாள். ஆனால் எழுந்தால் ஷாட் கெடும், ஷாட் கெட்டால் நாளைக்குக் குழந்தையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்களோ என்று அப்போது தோன்றியது. அதனால் உட்கார்ந்தே இருந்தாள்.

பர்னோ ஓட்டும் சைக்கிள் ரிக்ஷாவில் ஆள் முன்னால் உட்கார வேண்டும், ஓட்டுபவன் பின்னால். அன்று அதில் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகும்போது பின்னாலிருந்து மிதித்துக்கொண்டே கேட்டான், "வயிறு ரொம்ப எத்தன தடவ குடிச்சிருப்பா?"

"ஏன்?"

"சொல்லேன்."

"அஞ்சுக்கு மேலயே இருக்கும்."

பர்னோ மிதிப்பதை நிறுத்திவிட்டான். வண்டி தானாகக் கொஞ்ச தூரம் ஓடியது. "பள்ளிவாசல்ல கேட்டேன். அஞ்சு தடவ வயிறு ரொம்பக் குடிச்சா அவ உன் புள்ளதானாம். பால் புள்ள. நாளைக்கே நமக்கு இன்னொரு பையன் பொறந்தா அவன் இவளக் கட்டிக்க முடியாது, அண்ணன் தங்கச்சியாம்."

"படத்துக்குக் கொடுத்ததும் கணக்கா?"

"பாலு படமான்னு பார்க்குமா? வயித்துக்குள்ள போச்சுல்ல." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "அப்போ நான் அவ அப்பன். பாலப்பன்."

ருமினி திரும்பிப் பார்த்தாள். மகனைக் குழியில் இறக்கிய நாளிலிருந்து அவன் சிரித்து அவள் பார்க்கவில்லை. இப்போதும் சிரிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் முகத்தில் எங்கேயோ ஒரு பூட்டு திறந்திருந்தது.

"யாத்மி தைவான் போறாளே, புள்ள எங்க இருக்கப் போகுது?" என்றான்.

"அவ அக்கா வீட்டுல. மலைக்கு மேல."

"கேட்டுப் பாரேன். கேக்குறதுல என்ன?"

வீட்டுக்கு வந்ததும் அவன் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த பாத்திக் தூளித் துணியை எடுத்தான். தோளில் குறுக்காகப் போட்டு மகனைச் சுமந்த துணி. மறுநாள் ருமினி எழுந்தபோது அது துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

கேட்கும் வேளை தானாகவே வந்தது, ஆனால் நல்ல விதமாக வரவில்லை. யாத்மி காலையில் கத்திக்கொண்டேதான் படம் எடுக்கும் வீட்டுக்குள் நுழைந்தாள். வெனிங் புட்டியைத் தொட மறுத்துவிட்டாள். முந்தைய நாள் சாயங்காலத்திலிருந்து ஒரு மடக்கு இறங்கவில்லை. ரப்பரை நாக்கால் தள்ளினாள், முகத்தைத் திருப்பினாள், கடைசியில் புட்டியைக் கண்டாலே அலறினாள்.

"எவ்வளவு பாடுபட்டு மறக்கடிச்சேன்! நாளன்னிக்கு எனக்குப் ப்ளைட்டு. எங்க அக்கா இவளத் தோட்டத்துக்குத் தூக்கிட்டுப் போய் புட்டியக் கையில கொடுத்துட்டு வேலையப் பாக்குறவ. இவ இப்படி இருந்தா என்ன செய்வா? பட்டினி போட்டுக் கொன்னுடுவா!"

ருமினி கையை நீட்டினாள். யாத்மி ஒரு கணம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, வேறு வழியில்லாமல் கொடுத்தாள். குழந்தை உடனே அடங்கியது. கெம்போங் வேடிக்கை பேச வாயைத் திறந்து, பேசாமல் கேபிளைச் சுருட்டத் தொடங்கினான்.

"என்கிட்ட விட்டுட்டுப் போ யாத்மி" என்றாள் ருமினி. சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள், வெளியே வந்தபோது வரிசை மாறிவிட்டது. "மூணு வருஷம் நான் பாத்துக்கிறேன். கூலி வேணாம். அவருகிட்டயும் கேட்டுட்டேன். இப்பவே அவ எனக்கும் புள்ளதான், உனக்குத் தெரியும்ல, அஞ்சு தடவைக்கு மேல…"

"தெரியும்" என்றாள் யாத்மி. "அதான் விட மாட்டேன்."

"ஏன்?"

யாத்மியின் குரலில் கத்தல் போய்விட்டது. "எங்கக்காவுக்கு இவ மேல பாசமே கிடையாது. சோறு போடுவா, குளிப்பாட்டுவா, அவ்வளவுதான். மூணு வருஷம் கழிச்சு நான் வந்து நின்னா இவ என்கிட்டதான் ஓடி வருவா. வேற ஆளே இருக்காது. உன்கிட்ட விட்டா? நீ பால் கொடுப்ப, பாட்டுப் பாடுவ, உன் புருஷன் ரிக்ஷாவுல வச்சு ஊரைச் சுத்திக் காட்டுவாரு. நான் போன்ல தெரியிற ஒரு மூஞ்சி. வந்து கூப்பிட்டா உன் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவா. மார்க்கத்துலயும் நீ அம்மா. அப்புறம் நான் யாருக்கா? அங்க கிழவனுக்கு மூத்திரத் துணி மாத்தறது யாருக்காக?"

பொய் என்று சொல்வதற்கு அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

"நீ நல்லவ. அதான் பயம்" என்றாள் யாத்மி. பிறகு பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து வைத்தாள். உள்ளே கரும்பச்சையாகச் சீந்தில் சாறு. "நீ கெடுத்தத நீயே சரி பண்ணு. அவளுக்கு மறக்கணும். எனக்கு வேற வழி தெரியல."

ருமினி பிரமெஸ்தியைப் பார்த்தாள். அந்த வீட்டில் எல்லோரும் கேட்கிற குரல் அவளுடையதுதான். ஏஜென்சிக்காரனிடம்கூடப் பேசி யாத்மிக்கு விடுப்பு வாங்கித் தந்தவள் அவள்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

பிரமெஸ்தி அருகே வந்து ருமினியின் கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "நான் யாரு ருமினி சொல்றதுக்கு? ரெண்டு அம்மாங்களுக்கு நடுவுல நான் எப்படிப் பேசுவேன்?" என்றாள்.

கையை விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"எப்படியும் பூசத்தான் போறீங்க. நாலு மணிக்கு வெளிச்சம் சுவர் மேல விழும். அப்போ பூசலாமா?"

நாலு மணிக்கு ருமினி சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பாட்டிலைத் திறந்தபோதே வாசனை தொண்டையில் கசந்தது. விரலை நனைத்துப் பூசிக்கொண்டாள். குளிர்ந்தது. மதியத்திலிருந்து குழந்தைக்குப் பசி போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் அவள் முனகுவது கேட்டது.

"ரோலிங்" என்றான் கெம்போங், யாரையும் பார்க்காத குரலில்.

வெளிச்ச வட்டம் மறைந்தது. மூச்சு, மூக்கு, வாய். உடனே வாய் விலகியது. ஓர் அதிர்ச்சிச் சத்தம், பிறகு செருமல். ருமினி கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தாள். அடுத்த நொடி வாய் திரும்பி வந்தது. பிடித்துக்கொண்டது. அழுதுகொண்டே குடித்தது. கசப்பை விழுங்கி, மூச்சு வாங்கி, அழுது, மறுபடி விழுங்கியது. பலகையில் குழந்தையின் உள்ளங்கை தட்டித் தட்டி எதையோ தேடியது.

"குடிக்கிறாளே!" யாத்மியின் குரல் உடைந்து வந்தது. "இன்னும் பூசச் சொல்லுங்க."

ருமினி இன்னும் பூசினாள். மறுபடியும் அந்த வாய் வந்தது.

"இன்னும்."

பாட்டிலில் மிச்சமிருந்ததை உள்ளங்கையில் கவிழ்த்து அப்பிக்கொண்டாள். இந்த முறை நாக்கு மட்டும் பட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை. பிறகு அலறல். அலறல் தள்ளித் தள்ளிப் போனது. யாத்மி ஏதோ கெஞ்சும் குரலில் பேசினாள். அழுகை விட்டு விட்டு வந்தது, ரப்பரை உறிஞ்சும் சத்தம் கேட்டது, கடைசியில் அது மட்டும்தான் கேட்டது.

ஓட்டை வழியாக வெறும் காற்று பட்டது. பச்சைச் சாற்றின் மேல் பால் வெள்ளைக் கோடாக இறங்கி மரச்சட்டத்தில் சொட்டியது. கட் என்று யாராவது சொல்வார்கள் என்று ருமினி காத்திருந்தாள். வாசலில் வாடகை பைக் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகும் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். போகும்போது யாத்மி சொல்லிக்கொண்டு போகவில்லை. ஒருவேளை சொல்லியிருக்கலாம், சுவருக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது பர்னோ ரிக்ஷாவை வாசலில் நிறுத்தி, கைப்பிடியில் அந்தத் துணியைத் தொங்கவிட்டிருந்தான். இஸ்திரி போட்டிருந்தான். துணிக்கு இஸ்திரி போடுகிறவன் இல்லை அவன்.

"புள்ள எங்க?"

அவள் தலையை அசைத்தாள். அவன் துணியை எடுத்து மறைப்பதற்கு இடம் தேடுவதுபோல இருக்கைக்கு அடியில் பார்த்தான். அதற்குள் ருமினியின் சட்டை முன்பக்கம் பச்சையும் வெள்ளையுமாக நனையத் தொடங்கியிருந்தது.

"அதக் கொடுங்க" என்றாள். துணியை வாங்கிச் சட்டைக்கு மேலேயே மார்பைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றினாள். முனைகளை முதுகுப் பக்கம் அவனிடம் நீட்டினாள். "இறுக்கிக் கட்டுங்க. பால் நிக்கணும்."

அவன் கட்டினான்.

"இன்னும்."

"வலிக்கும்டி."

"இன்னும் இழுங்க."

அவன் காலை ஊன்றி இழுத்தான். அப்போது வாசலிலிருந்து பிரமெஸ்தியின் சன்னமான குரல் வந்தது. "அப்படியே இருங்க. ரெண்டு பேரும். அசையாதீங்க." அவள் பின்னால் கெம்போங் கேமராவோடு நின்றான். தலை குனிந்திருந்தது. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பர்னோவுக்குப் படித்தவர்களிடம் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. முடிச்சைப் போடாமல், விடாமல், இழுத்துப் பிடித்த கையோடு அசையாமல் நின்றான்.